நாலெழுத்தும் தலையெழுத்தும்

போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு ராத்திரி என் அக்கா மகள் சென்னையிலிருந்து போன் பண்ணினாள். வேலைக்குச் சேர்ந்து அப்போது ஏழு மாசம். கம்பெனியில் இரண்டு நாள் பயிற்சி வைத்து, கேள்வித்தாள் கொடுத்து, பதில் குறிக்கச் சொல்லி, கடைசியில் ஆளுக்கு நாலு ஆங்கில எழுத்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "சித்தி, நான் இன்ட்ரோவர்ட்டாம். ஐ.எஸ்.எஃப்.ஜே.ன்னு வந்திருக்குது. அமைதியா இருப்பேனாம், பின்னாடி நின்னு உதவி செய்வேனாம், முன்ன வந்து பேச மாட்டேனாம்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யாரு, இவளா?" என்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிரிக்காமல் என்ன செய்வது. பன்னிரண்டாவது படிக்கும்போதே ரேஷன் கடையில் எடை குறைகிறதென்று தராசைத் திருப்பிக் காட்டச் சொல்லி ஒரு மணி நேரம் விநியோகத்தை நிறுத்தியவள் அவள். குடிதண்ணீர் மறியலில் வட்டாட்சியரின் ஜீப்புக்கு முன்னால் உட்கார்ந்து, "ஐயா, கீழ இறங்கி வந்து பேசுங்க" என்றவள். எங்கள் தெருவில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் தாளில் பொய் எழுதவில்லை. அந்த ஆபீசில் அவள் அப்படித்தான் இருக்கிறாள். அவள் பிரிவில் பதினாலு பேர். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் முதல் கேள்வி, என்ன குழம்பு. இரண்டாவது, எந்த ஊர். மூன்றாவது, ஊரில் எந்தப் பக்கம். மூன்றாவது கேள்வி வருவதற்குள் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டாள். இப்படிக் கற்றுக்கொண்ட மௌனத்தை அந்தத் தாள் வாங்கி, 'இது உன் பிறவிக் குணம்' என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அதனால்தான் இந்தச் சோதனையை ஒரு பிரதியாக எடுத்துப் படித்துப் பார்ப்பது நமக்குத் தேவைப்படுகிறது.

முதலில் நானும் எழுதிப் பார்த்தேன். காசில்லாமல் கிடைக்கிற நகல் ஒன்று. கொள்கையில் உறுதியானவர், பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக எடுத்துக்கொள்பவர், ஆனால் தன்னை யாரும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்ற வருத்தம் உள்ளே கிடப்பவர் என்கிற ரீதியில் ஒரு பக்கம் வந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம், கண் கலங்கிப் போச்சு. பன்னிரண்டு வருஷமாக இயக்க வேலை செய்கிறவளிடம் தோழர்களே சொல்லாத வார்த்தையை ஒரு இயந்திரம் சொல்கிறதே! மறுநாள் காலை, பக்கத்து வீட்டில் டிராக்டர் ஓட்டுகிற அண்ணனிடம் யாருக்கு வந்தது என்று சொல்லாமல் அதையே படித்துக் காட்டினேன். "என்னைப் பத்தி யாரும்மா ஒங்கிட்ட சொன்னது?" என்று கேட்டார்.

இந்த வேலையை 1948-இலேயே பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறார். 39 மாணவர்களுக்கு ஒரு ஆளுமைச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு தாள் கொடுத்து, இது உன்னை எவ்வளவு சரியாகச் சொல்கிறது, ஐந்துக்கு மதிப்பெண் போடு என்றார். சராசரி 4.26. பிறகுதான் தெரிந்தது, 39 பேருக்கும் ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களை அவர் எடுத்தது கடையில் விற்கிற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து. கிளி சோசியக்காரர் தேவலை. சீட்டைப் பிரித்துப் படிக்கும் முன்னால் நம் முகத்தையாவது ஒரு தடவை பார்ப்பார்.

ஆனால் ஃபோரரை வைத்து மட்டும் இந்த நாலெழுத்தைத் தள்ளிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். என் அக்கா மகளுக்கு வந்ததும் எனக்கு வந்ததும் ஒரே தாள் அல்ல. 'கூட்டத்தில் பேச மாட்டேன்' என்று குறித்தவளுக்கு 'நீ கூட்டத்தில் பேசாதவள்' என்று வந்தது. நாம் சொன்னதையே நமக்குப் புரியாத எழுத்தில் திருப்பிச் சொல்லும்போது அது கண்டுபிடிப்பு மாதிரி தெரிகிறது. அப்புறம் அந்தக் கோடு கிழிக்கிற விதம். மனிதர்களின் மதிப்பெண்கள் பெரும்பாலும் நடுவில்தான் குவிகின்றன, இரண்டு ஓரத்தில் இரண்டு கும்பலாக அல்ல. நடுவில் ஒரு கோட்டைக் கிழித்து இந்தப் பக்கம் 'ஐ', அந்தப் பக்கம் 'ஈ' என்றால், 34 எடுத்தவன் ஃபெயில், 35 எடுத்தவன் பாஸ் என்கிற கதைதான். ஐந்து வாரம் கழித்து மறுபடி எழுதச் சொன்னால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நாலில் ஒரு எழுத்தாவது மாறிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வேலை வழிகாட்டுதலுக்கு இதைப் பயன்படுத்துவதை நியாயப்படுத்தும் அளவுக்கு ஒழுங்கான ஆய்வுகள் இல்லை என்று அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1991-இல் எழுதியது. அதற்குப் பிறகும் வியாபாரம் நிற்கவில்லை.

இந்தச் சோதனையின் பெயர் மையர்ஸ்–பிரிக்ஸ். செய்தவர்கள் கேத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற மகளும். இரண்டு பேருமே உளவியல் படித்தவர்கள் அல்ல. அதை ஒரு குற்றமாக நான் சொல்ல மாட்டேன். பட்டம் இல்லாதவர் பேசக்கூடாது என்ற சட்டத்தால் அதிகம் அடிபட்டவர்கள் நாம்தான். கார்ல் யுங் 1921-இல் ஜெர்மனில் எழுதிய 'உளவியல் வகைகள்' 1923-இல் ஆங்கிலத்தில் வந்தபோது கேத்தரின் அதை வேதப்புத்தகம் மாதிரி பிடித்துக்கொண்டார். மனிதர்களைப் பெட்டிகளில் அடைத்துப் பெயர் ஒட்டுவதற்காக இது இல்லை என்று யுங்கே பிற்காலத்து முன்னுரையில் சொன்னார். அது யார் காதில் விழுந்தது? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஆட்களுக்கு ஏற்ற வேலை, வேலைக்கு ஏற்ற ஆட்கள் என்ற தேவை வந்தபோது, மகள் அதைக் கேள்வித்தாளாக மாற்றி 1943-இல் பதிப்புரிமை வாங்கினார். நாலு இரட்டைகள், ஆக பதினாறு வகை. பிலடெல்பியாவில் ஒரு வங்கியின் பணியாளர் அதிகாரியிடம் தொழில் பழகிக்கொண்டுதான் இசபெல் இதைச் செய்தார் என்பது கவனிக்கத்தக்கது. பிறந்த இடமே ஆளெடுக்கிற மேசை.

இந்த வரலாற்றை மெர்வ் எம்ரே 2018-இல் வெளியிட்ட 'பெர்சனாலிட்டி புரோக்கர்ஸ்' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இலக்கிய விமர்சகர் எழுதிய நூல் என்பதால் நமக்குப் பயன்படுகிற ஒரு விஷயத்தை அவர் தவற விடவில்லை. இசபெல் கேள்வித்தாள் எழுதுவதற்கு முன்னால் துப்பறியும் நாவல்கள் எழுதியவர். முதல் நாவல் பத்திரிகைப் போட்டியில் 7,500 டாலர் பரிசு வாங்கியது. இரண்டாவது நாவல் 1934-இல் வந்த 'கிவ் மீ டெத்'. அமெரிக்கத் தெற்கில் ஒரு பெரிய வீட்டுக் குடும்பம். தங்கள் வம்சத்தில் கறுப்பு ரத்தம் கலந்திருக்கிறது என்று தெரிய வந்ததும் ஒருவர் பின் ஒருவராகத் தற்கொலை செய்துகொள்கிறார்கள். இதுதான் அந்த நாவலின் மர்ம முடிச்சு.

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம். அந்த நாவல் வந்ததற்குப் பத்து வருஷம் முன்னால்தான், 1924-இல், வெர்ஜீனியா மாநிலம் இன ஒருமைச் சட்டம் போட்டது. வெள்ளையரல்லாத ரத்தத்தின் தடயம் இருந்தாலே ஒருவர் வெள்ளையர் இல்லை, வெள்ளையரைக் கல்யாணம் பண்ண முடியாது. அந்தத் தடை 1967-இல்தான் உச்சநீதிமன்றத்தில் உடைந்தது. ஆக, நாவலில் வருகிற பயம் கற்பனைப் பயம் அல்ல, சட்டப் புத்தகத்தில் இருந்த பயம். இசபெல் அதைக் கேள்வி கேட்கவில்லை. கதைக்குச் சரக்காக எடுத்துக்கொண்டார். கறுப்பு ரத்தம் என்றால் சாவதுதான் மானம் என்பது வாசகருக்கு விளக்காமலே புரியும் என்று நம்பித்தான் எழுதியிருக்கிறார். கொலையாளியைத் தேடுகிற நாவலில் கொலையாளி பாட்டனின் ரத்தம்!

நாவலிலிருந்து நேராகக் கோடு போட்டுக் கேள்வித்தாளுக்கு வந்துவிடுவது நேர்மையான விமர்சனமாகாது. கேள்வித்தாளில் நிறத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. பதினாறு வகையும் நல்ல வகைதான், கெட்ட வகையே இல்லை என்பதுதான் அதன் வாக்குறுதி. ஆனாலும் ஒன்பது வருஷ இடைவெளியில் ஒரே கை எழுதிய இரண்டு பிரதிகளிலும் ஒரே எலும்புக்கூடு இருக்கிறது. நீ யார் என்பது பிறக்கும்போதே முடிவாகிவிட்டது. அதைக் கண்டுபிடிப்பதுதான் உன் வேலை. கண்டுபிடித்த பிறகு மாற்ற முடியாது. நாவலில் கண்டுபிடித்தவர்கள் சாகிறார்கள், கேள்வித்தாளில் கண்டுபிடித்தவர்கள் வேலைக்குப் போகிறார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. சிந்தனையா உணர்வா என்ற மூன்றாவது எழுத்துக்கு மதிப்பெண் கூட்டும்போது, ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு வேறு கணக்கு என்றுதான் ரொம்ப காலம் வைத்திருந்தார்கள். ஒரே பதிலுக்கு இரண்டு எடை. 1998-இல் வந்த புதிய படிவத்தில்தான் அது போனது. பிறவிக் குணத்தை அளக்கிறேன் என்று வந்த தராசில், பெண் இப்படித்தான் இருப்பாள் என்ற படிக்கல் ஏற்கனவே போடப்பட்டிருந்தது.

நமக்கு இதெல்லாம் புதுசா? மனிதர்களை நாலு வகையாகப் பிரித்து, வகைக்கேற்ற வேலை கொடுத்து, அதற்குக் குணம் என்று பெயர் வைத்த ஒரு பழைய கேள்வித்தாள் நம்மிடம் இருக்கிறது. அதில் பதில் குறிக்கும் சிரமம்கூட கிடையாது, பிறந்தால் போதும். 1936-இல் லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டல் மாநாட்டுக்காக எழுதி, மாநாடே நடக்காமல் போனதால் அம்பேத்கர் தன் செலவிலேயே அச்சிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் இந்த விவாதம் முழுசாக இருக்கிறது. ஆரிய சமாஜிகள் அவரிடம் வைத்த வாதம் என்ன? வருணம் பிறப்பால் வருவதல்ல, குணத்தால் வருவது, ஆகவே அது தப்பில்லை என்பது. குணத்தைப் பார்த்துத்தான் பிரிக்கிறீர்கள் என்றால் அந்தப் பழைய நாற்றமெடுத்த பெயர்கள் எதற்கு என்று முதலில் கேட்கிறார் அம்பேத்கர். அதற்கடுத்துதான் பெரிய கேள்விக்கு வருகிறார். குணத்தைப் பார்த்துக்கூட மனிதர்களைச் சில வகைகளாகப் பிரிக்க முடியுமா?

அங்கே அவர் பிளேட்டோவை இழுக்கிறார். ஆசை மிகுந்தவர் உழைக்கவும் வியாபாரம் செய்யவும், வீரம் மிகுந்தவர் காவல் காக்கவும், அறிவு மிகுந்தவர் சட்டம் செய்யவும் என்று மூன்று வகை வைத்த பிளேட்டோவுக்கு ஒவ்வொரு மனிதரும் தனி என்பது பிடிபடவில்லை, ஒரே மனிதருக்குள் எத்தனையோ போக்குகள் இருக்கின்றன என்பது தெரியவில்லை என்கிறார். பெண்களை எப்படிப் பிரிப்பீர்கள், அவர்கள் குணத்தைப் பார்த்தா, புருஷன் வருணத்தைப் பார்த்தா என்றும் கேட்கிறார். இந்தப் பிரிவினை தானாக நிற்காது, தண்டனையால்தான் நிற்கும் என்று சொல்லி சம்பூகனைச் சுட்டிக்காட்டுகிறார். மையர்ஸ்–பிரிக்ஸ் அச்சேறுவதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே அதற்கான விமர்சனம் எழுதப்பட்டுவிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதை விமர்சிக்கிறவர்கள் யாராவது 'சாதி ஒழிப்பை' எடுத்துப் பார்த்தால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

காந்தியின் பதிலும் நினைவுக்கு வருகிறது. அதே வருஷம் 'ஹரிஜன்' இதழில், பிராமணனின் தொழிலும் தோட்டியின் தொழிலும் கடவுள் முன்னால் சமம், ஒழுங்காகச் செய்தால் இரண்டுக்கும் சம புண்ணியம் என்று எழுதினார். இசபெல் மையர்ஸ் இறந்த 1980-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் பெயர் 'கிஃப்ட்ஸ் டிஃபரிங்'. வரங்கள் வெவ்வேறு. ரோமர் நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்த தலைப்பு. எல்லா வகையும் சமம், ஆளுக்கொரு வரம். கேட்க எவ்வளவு நல்லா இருக்குது! பின்னாடி நின்று உதவி செய்கிற வரம் எவளுக்கு வந்தது, முன்னே நின்று தலைமை தாங்குகிற வரம் எவனுக்கு வந்தது என்று கணக்கெடுத்தால்தான் சங்கதி தெரியும்.

தமிழ் படித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தொல்காப்பிய அகத்திணையியல் அன்பின் ஐந்திணையைத் தலைமக்களுக்கு வைத்துவிட்டு, அடியோருக்கும் வினைவலருக்கும் கைக்கிளை பெருந்திணையில் இடம் கொடுக்கிறது. ஏவலில் இருப்பவனுக்குக் காதலிக்க நேரம் ஏது என்ற சமூக நிலைமையை, அவன் காதலே தரம் குறைந்தது என்ற இலக்கண வகையாக மாற்றிவிட்டார்கள். எம்.ஏ. வகுப்பில் இதை எங்களுக்கு 'மரபு' என்று மட்டும் சொல்லித் தந்தார்கள்.

இனி அந்தக் கேள்விகள். இந்த மாதிரித் தாள்களில் தவறாமல் வருகிற கேள்வி, ஒரு விருந்துக்குப் போனால் எல்லோரிடமும் கலந்து பேசுவீர்களா, தெரிந்த ஒன்றிரண்டு பேரோடு மட்டும் பேசுவீர்களா என்பது. விருந்து என்றால் எவன் வீட்டு விருந்து? எங்கள் தாத்தா காலத்தில் ஊர்த்தெருக் கல்யாணத்துக்குப் போனால் பந்தி எல்லாம் முடிந்த பிறகு கொல்லைப் பக்கம் தனியாகப் போடுவார்கள். இவர் கலந்து பேசுகிற வகையா, ஒதுங்கி நிற்கிற வகையா? அதே தாத்தா எங்கள் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டி விடிய விடிய சனங்களைச் சிரிக்க வைத்தவர். எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? 'வழக்கமாக நீங்கள்' என்று தொடங்குகிற கேள்வி, எல்லா இடத்திலும் ஒரே ஆளாக இருக்க வசதியுள்ள ஒருவரை மனதில் வைத்துத் தயாரிக்கப்பட்டது. தெருவுக்குத் தெரு குரலை மாற்றி வைத்துக்கொள்ள வேண்டியவர்களை அதற்குத் தெரியாது. முடிவு பொருந்தவில்லை என்றால் உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பயிற்சி தருகிறவர்கள் தாராளமாகச் சொல்வார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதை எடுத்துக்கொண்டார் என்பதுதான் நம் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது.

தனியார் துறையில் நமக்கு இடஒதுக்கீடு கிடையாது. அங்கே வாசல் எப்படித் திறக்கிறது என்பதற்கு 2007-இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் வந்த இரண்டு கட்டுரைகள் சாட்சி. சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டவெலும் ஒரே மாதிரித் தகுதியோடு பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வருகிற வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு, இஸ்லாமியப் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லிப் பக்கத்துப் பெரிய கம்பெனிகளின் மனிதவள அதிகாரிகள் 25 பேரிடம் பேசினார்கள். சாதியெல்லாம் பார்ப்பதில்லை, தகுதிதான் என்றார்கள். அதே மூச்சில், நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று வாய்விட்டுக் கேட்பது ஒரு வழி. கேட்காமலே, 'இவளிடம் தன்னம்பிக்கை போதாது, ஒதுங்கிப் போகிற ரகம்' என்று நாலெழுத்தில் எழுதிக்கொள்வது இன்னொரு வழி.

சோதனையை வாசல் கதவாக வைப்பது அமெரிக்காவிலும் நடந்தது. வட கரோலினாவில் ட்யூக் பவர் கம்பெனியின் மின்நிலையத்தில் கறுப்பினத்தவருக்குக் கூலிப் பிரிவு மட்டும்தான். அங்கே கிடைத்த உச்ச சம்பளம் மற்ற பிரிவுகளின் அடிமட்டச் சம்பளத்தைவிடக் குறைவு. வேலையில் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1965 ஜூலை 2-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதே தேதியில் கம்பெனி புதிதாக இரண்டு எழுத்துத் தேர்வுகளைக் கொண்டுவந்தது. அவை ஆளுமைச் சோதனைகள் அல்ல, அறிவையும் இயந்திர அறிவையும் அளப்பதாகச் சொன்னவை. வேலைக்குச் சம்பந்தமில்லாமல் கறுப்பினத்தவரை வடிகட்டுகிற தேர்வு செல்லாது என்று 1971-இல் உச்சநீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. எண்ணம் நல்லதா கெட்டதா என்பதைவிட விளைவு என்ன என்பதைப் பார்த்த தீர்ப்பு.

நம் வீட்டுக் குப்பையையும் கொஞ்சம் கிளறிவிடலாம். வகை பிரிக்கிற வியாதி நம் விமர்சனத்திலும் இருக்கிறது. தலித் எழுத்து என்றால் கோபம் இருக்க வேண்டும், வலி இருக்க வேண்டும், பச்சையான மொழி இருக்க வேண்டும் என்று முற்போக்கு நண்பர்கள் எதிர்பார்த்தார்கள், நாமும் தலையாட்டினோம். கூச்சசுபாவமுள்ள, சண்டைக்குப் போகாத, சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து சும்மா வானத்தைப் பார்க்கிற ஒரு பறைத்தெருப் பெண்ணைப் பற்றி ஒரு கதை அனுப்பினால், இதில் தலித் தன்மை எங்கே என்று நம் இதழ்க்காரர்களே கேட்டிருக்கிறார்கள். என்னிடம் கேட்டார்கள். என் அக்கா மகள் 'நான் அமைதியானவள்' என்றதும் நான் பொங்கியதில் அந்தக் கேள்வியின் வாடையும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அவளுக்குள் ஒரு அமைதி இருக்கக் கூடாதா? இருக்கலாம். ரேஷன் கடையில் கத்திவிட்டு வந்து ராத்திரி யாரோடும் பேசாமல் மொட்டை மாடியில் கிடப்பவளும் அவள்தான். எது அவள் சுபாவம், எது அவள் மேல் சுமத்தப்பட்டது என்று அவளுக்கே ஒரு நாள் தெரியலாம், தெரியாமலும் போகலாம். அதைக் கேள்வித்தாளும் சொல்ல முடியாது, சித்தியும் சொல்ல முடியாது.

சித்திரையில், அம்பேத்கர் ஜெயந்திக்கு ஊருக்கு வந்தாள். ஊர்வலம் முடிந்து, தொண்டை கட்டி, மோர் குடித்துக்கொண்டே செல்போனில் அந்தச் சோதனையை மறுபடி எழுதினாள். "அன்னிக்கி ஆபீச நெனச்சி எழுதினேன் சித்தி. இப்ப நம்ம தெருவ நெனச்சி எழுதறேன்" என்றாள். முதல் எழுத்து 'ஈ' என்று வந்தது. மூன்றாவதும் மாறியிருந்தது. ஆபீசில் ஆளுக்கொரு அட்டை அடித்துக் கொடுத்து மேசையில் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். மாற்ற வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாமாம். இரண்டையும் கிழித்துப் போடு என்றேன்.

"நீ சும்மா இரு சித்தி. ஐ-ன்னு ஒட்டியிருந்தா, ஏன் பேச மாட்டேங்கற, ஊர்ல எந்தப் பக்கம்னு எவனும் கேக்கறதில்ல. நிம்மதியா சாப்புடுறேன்."

பழைய அட்டைதான் இன்னும் அவள் மேசையில் இருக்கிறது.